பீங்கான் முளைக்கும் வாசல்

நாங்கள் வாங்கிய மனை ரோட்டைவிடத் தாழ்வு. வீடு கட்டுமுன் மேடாக்க வேண்டும். கிராவல் மண் விற்ற விலையில் அதற்கே பாதிப் பணம் போய்விடும் போலிருந்தது. கணவர் குவைத்தில். விருத்தாசலத்தில் நானும் நடக்கப் பழகிய மகளும்தான்.

மேஸ்திரி ஒரு வழி சொன்னார். "கிராவல் எதுக்கும்மா? செராமிக் கம்பெனிங்க பின்னால ஒடஞ்ச பீங்கான் மலையாட்டம் கெடக்குது. டிராக்டர் வாடகை மட்டும் குடுங்க. ஆனா மேல நல்லா கனமா செம்மண் போடணும்."

போனில் சொன்னதும் கணவருக்கு ஒரே சந்தோஷம். "கொட்டச் சொல்லு. செம்மண்ண மட்டும் லேசா தூவுனா போதும். மிச்சமாவறத கம்பிக்கு வச்சுக்கலாம்."

அப்படியே செய்தோம். வீடு எழும்பியது. குடிபோன வருஷமே ஐப்பசி மழை வாசல் மண்ணை அரித்துக்கொண்டு போனது. விடிந்து பார்த்தால் வாசல் முழுக்க வெள்ளை வெள்ளையாகச் சில்லுகள். கப் கைப்பிடி, ஜாடி விளிம்பு, பொம்மையின் பாதி முகம். மகள் இறங்கி ஓடி, பாதத்தைக் கிழித்துக்கொண்டாள். பெரியாஸ்பத்திரியில் தையல் போடும்போது அவள் அலறியதைக் கேட்க முடியாமல் காதைப் பொத்திக்கொண்டேன். கடன் வாங்கி ஒரு லோடு மண் அடித்தேன். அடுத்த மழை அதையும் கொண்டுபோனது.

மறு வருஷம் அவர் லீவில் வந்தார். தான் கட்டிய வீட்டை அன்றுதான் முதல்முறை பார்த்தார். உள்ளே ஒரு சுற்று சுற்றிவிட்டு, வாசலில் வந்து குந்தினார். அன்று தொடங்கியவர் லீவு முழுக்கச் சில்லு பொறுக்கினார். காலையில் ஒரு வாளி, சாயந்திரம் ஒரு வாளி. விரலெல்லாம் துணி சுற்றியிருந்தது.

"வுடுங்க, அது ஆழமா இருக்குது. எவ்வளவுதான் எடுப்பீங்க?"

"நாந்தானே லேசா போடச் சொன்னேன்" என்றார், நிமிராமல்.

மகள் படியில் உட்கார்ந்து அவரையே பார்ப்பாள். கிட்டே போகமாட்டாள். அவர் கூப்பிட்டும் வராமல் என் புடவைக்குள் ஒளிந்துகொள்வாள். கடைசி வாரத்தில்தான் ஒரு சில்லைப் பொறுக்கி அவர் வாளியில் போட்டாள். மறுபடி ஓடிவந்துவிட்டாள்.

அவரை ஏற்றிக்கொண்டு சென்னை பஸ் கிளம்பியது. அந்த வாரமே மழை பிடித்தது.

போனில் கேட்டார். "சில்லு இன்னும் வருதா?"

"வருதுங்க."

"புள்ளைக்கு நல்ல செருப்பா ஒண்ணு வாங்கிக் குடு" என்றார்.