அக்காவுக்குப் பார்த்த மாப்பிள்ளை

மெடிக்கல் வார்டில் பாடம் முடிந்து மாணவர்கள் கலைந்த பிறகும் கோமதி மட்டும் போகவில்லை. மூன்றாம் வருட மாணவி, அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெண், அதிகம் பேசமாட்டாள். தொண்ணூறுகளில் நெல்லையில் ஒரு மருத்துவமனையில் நான் அசிஸ்டென்ட் புரொபசராக இருந்த சமயம். டூட்டி ரூமுக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

“மேடம், ஜன்னலோர பெட்ல இருக்காரே, அவருதான் எங்க அக்காவுக்குப் பேசி முடிச்சிருக்க மாப்பிள்ளை.”

பம்பாயில் வேலை பார்த்துவிட்டு, விட்டு விட்டு வரும் காய்ச்சலோடு ஊர் திரும்பியவர் அவர். சற்று முன்புதான் அதே டூட்டி ரூமில் மாணவர்களிடம் அவருடைய ரிசல்ட்டைச் சொல்லியிருந்தேன். எச்.ஐ.வி. பாசிட்டிவ். அப்போது அதற்கு எங்கள் கையில் மருந்து என்று ஒன்றும் இல்லை. அவருக்கே இன்னும் சொல்லவில்லை. மதியம் எங்கள் யூனிட்டின் பெரிய டாக்டரான சீஃப் வந்து சொல்வதாக இருந்தது.

பெண் பார்க்க வந்த அன்று கோமதி ஹாஸ்டலில் இருந்திருக்கிறாள். மாப்பிள்ளையைப் போட்டோவில்தான் பார்த்திருந்தாள். அவருக்கு இவளைத் தெரியாது. நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது.

“வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிரணும்னு கை பரபரக்குது மேடம். சொல்லலாமா?”

ஆஸ்பத்திரி வாசலிலேயே எஸ்.டி.டி. பூத் இருந்தது. அவள் அங்கே போகாமல் என்னிடம் வந்திருந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு சீஃபிடம் போனேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“பைய போவோம். முதல்ல அவன்ட்ட நான் பேசுதேன். கல்யாணத்தை அவனே நிறுத்தட்டும். நிறுத்தமாட்டேன்னு சொன்னான்னா, பொண்ணு வீட்டுக்கு நாம சொல்லித்தான் ஆகணும். அதுவரைக்கும் நீ வாயத் திறக்காத தாயி.”

மதியம் சீஃப் அவரைத் தனியறைக்கு அழைத்துப் பேசினார். நானும் இருந்தேன். அழுது முடித்ததும், யாரும் கேட்காமலே அவர் கல்யாணப் பேச்சை எடுத்தார். உடனே நிறுத்திவிடுவதாகவும், காரணத்தை மட்டும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். சீஃப் வாக்குக் கொடுத்தார். மறுநாளே அவருடைய மாமா மூலமாகப் பெண் வீட்டுக்குச் சேதி போய்விட்டது: மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லை.

அந்த வாரக் கடைசியில் கோமதி ஊருக்குப் போனாள். பெண்ணிடம்தான் ஏதோ குறை என்று தெருவில் பேச்சு. அம்மா அழுதபடி மாப்பிள்ளையைச் சபித்துக்கொண்டிருக்க, அக்கா சாப்பிடாமல் படுத்துக் கிடந்திருக்கிறாள். ஒரே ஒரு வார்த்தையில் அந்த அழுகையை நிறுத்தியிருக்கலாம். இவள் அக்காவை எழுப்பித் தலைவாரிவிட்டு, சோறு ஊட்டிவிட்டு வந்திருக்கிறாள். அவ்வளவுதான்.

திரும்பி வந்தவளை வேறு வார்டுக்கு மாற்றிவிடலாம் என்று நான் சொன்னபோது வேண்டாம் என்றாள். நேரே ஜன்னலோர பெட்டுக்குப் போய் நாடி பார்க்க அவர் கையைப் பிடித்தாள். நான் அடுத்த பெட்டில் நின்றிருந்தேன். அவர் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

“ஒரு பொண்ணு வாழ்க்கையக் கெடுக்க இருந்தேம்மா. அவங்க வீட்டுல இப்ப என்னைத் திட்டிட்டு இருப்பாங்க. திட்டட்டும். அந்தப் பிள்ளை நல்லா இருந்தாப் போதும்.”

கோமதி கையை விடவில்லை.

“நல்லா இருப்பாங்க அண்ணாச்சி” என்றாள்.

கேஸ் ஷீட்டில் நாடித் துடிப்பைக் குறித்துவிட்டு அடுத்த நோயாளியிடம் போனாள். இத்தனை வருட வேலையில் எத்தனையோ பெரிய டாக்டர்களைப் பார்த்துவிட்டேன். அன்று அந்தப் பெண்ணைப் பார்த்துப் பிரமித்ததுபோல் யாரையும் பார்த்துப் பிரமித்ததில்லை.

அந்த மாப்பிள்ளை அதிக நாள் உயிரோடு இருக்கவில்லை. பிறகு அக்காவுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் நடந்தது. நானும் போயிருந்தேன். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து கோமதியின் அம்மா, முதலில் ஏமாற்றிவிட்டுப் போன அந்தப் பாவியைப் பற்றிச் சொல்லித் தீர்த்தார். எதிரே நின்று கேட்டுக்கொண்டிருந்த கோமதி, என் இலையில் இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றினாள்.

நோயாளிகளின் விவரம் உள்ள கம்ப்யூட்டரைப் பூட்டிவைப்பது, பாஸ்வேர்டைப் பகிராமல் இருப்பது எல்லாம் இன்று மாணவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். அந்நியரிடம் ரகசியம் காப்பதும் அத்தனை கஷ்டமில்லை. சில சமயம் பெற்ற தாய் எதிரே உட்கார்ந்து அழும்போதும் அதைக் காக்க வேண்டிவரும். அதற்கும் தயாராக இருந்தால்தான் நோயாளியிடம் போய் ‘உடம்புக்கு என்ன செய்கிறது’ என்று கேட்கலாம்.