உப்புப் போட்ட புத்தகங்கள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் பன்னிரண்டு இரும்பு அலமாரி வாங்கிப் போட்டவன் நான். ஓட்டுக் கூரையைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட்டதும் நான்தான். வாசலில் இருக்கும் புரவலர் பலகையில் முதல் பெயர் யாருடையது என்று நீங்களே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஐந்தாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தவன் நான். இன்றைக்கு என் லாரி தூத்துக்குடி துறைமுகத்துக்குள் நுழையாத நாள் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

போன மாதம் நூலகராக இருக்கும் பெண் பிள்ளை வீட்டுக்கு வந்தது. பாவம், அதற்கு இரண்டு ஊர் நூலகம் பொறுப்பு. இங்கே திறந்தால் அங்கே பூட்டு, அங்கே திறந்தால் இங்கே பூட்டு. பெருக்குவதும் அதுதான், புத்தகம் எடுத்துக் கொடுப்பதும் அதுதான்.

"அண்ணாச்சி, ஆண்டு விழா மலருக்கு நீங்க ஒண்ணு எழுதித் தாங்க. நூலகத்துக்கும் உங்களுக்கும் உள்ள தொடர்பு பத்தி" என்றது.

"நான் அஞ்சாப்புதாம்மா" என்றேன்.

"அதான் கேக்கேன். படிச்சவங்க எழுதுனதை யாரும் படிக்க மாட்டேங்காங்க."

வாய் உள்ள பிள்ளை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத்துப் பிழையை என் பேத்தி பார்த்துக்கொண்டாள்.

தொடர்பு என்றால் சாதாரணத் தொடர்பு இல்லை. ஒரு ஐப்பசி மழையில் இந்த நூலகத்தையே காப்பாற்றியவன் நான். அப்போது எனக்குப் பதினோரு வயது.

நூலகம் அன்றைக்கும் இதே இடத்தில்தான் இருந்தது. எங்கள் அப்பா கருவாட்டுச் சரக்கு அடுக்கி வைத்த பழைய கிட்டங்கி இது. சொந்தக் கட்டடம் கட்டும் வரைக்கும் என்று சொல்லி அரசாங்கம் வாடகைக்கு எடுத்தது. இன்னும் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்தாலும் சுவரில் கருவாட்டு வாடை போகாது. இங்கிருந்து புத்தகம் எடுத்துப்போகிறவர் வீட்டில் பூனை அந்தப் புத்தகத்தைச் சுற்றிச் சுற்றி வரும்.

நூலகராக இருந்தது என் அத்தை, அப்பாவின் தங்கை. பத்தாவது முடித்து, அதற்கு மேல் நூலகப் படிப்பும் படித்தவள். தற்காலிக வேலை. நிரந்தரம் ஆக்கச் சொல்லி வருஷா வருஷம் மேலிடத்துக்கு எழுதுவாள். பெண் பார்க்க வந்தவர்கள் வேலையை விடச் சொன்னார்கள். அவள் மாப்பிள்ளையை விட்டாள்.

மேலிடத்திலிருந்து புத்தகம் மூட்டையாக வரும். கடலையும் பனையையும் தவிர வேறு பார்த்திராத ஊருக்குத் தேயிலை பயிரிடுவது எப்படி என்று ஒரு புத்தகம் வந்தது, அதுவும் ஆறு பிரதி. யாராவது வாய்விட்டுக் கேட்ட புத்தகம் மட்டும் வராது. அத்தை அந்தத் தேயிலைப் புத்தகத்துக்கும் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, எண் எழுதி, பிள்ளைக்குத் தலை சீவிவிடுகிற மாதிரி நேராக்கி அடுக்கி வைப்பாள்.

கிட்டங்கிக்கு ஓட்டுக் கூரை. நாலைந்து ஓடு விரிசல் விட்டிருந்தது.

"அண்ணே, மழைக்கு முன்னால மாத்திருங்க" என்பாள் அத்தை.

"ஏளா, இங்கன கருவாடு கெடந்த காலத்துலயும்தான் ஒழுகுச்சு. அது ஒரு வார்த்தை சொல்லலை. உன் புஸ்தகம்தான் பேசுதாக்கும்" என்பார் அப்பா.

வருஷம் ஒரு முறை கட்டடம் எப்படி இருக்கிறது என்று கேட்டு ஒரு படிவம் வரும். அத்தை 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். ஒழுகுகிறது என்று எழுதினால் நூலகத்தைத் தூக்கி வேறு ஊருக்குக் கொண்டு போய்விடுவார்கள். அந்தப் பயம் அவளுக்கு.

அந்த ஐப்பசியில் ஒரு கடிதம் வந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை ஆபீசர் வந்து புத்தகங்களைச் சரிபார்ப்பாராம். அதற்கு முன்னால் ஒரு கூட்டத்துக்கு வரச் சொல்லி அத்தைக்கு உத்தரவு. போய்த் திரும்ப மூன்று நாள் ஆகும். சாவியை என் கையில் கொடுத்தாள்.

"மருமவனே, பேப்பர் வந்தா உள்ள போட்டுப் பூட்டிரு. பொறுப்பா இருக்கணும். ஆபீசர் வாரப்ப புஸ்தகம் கெட்டுக் கெடந்துச்சுன்னா அத்தைக்கு வேலை போயிரும், தெரியும்லா?"

தெரியும் என்று தலையாட்டினேன். எங்கள் வீட்டில் என்னை நம்பிச் சாவி கொடுத்தது அதுதான் முதல் தடவை.

அவள் பஸ் ஏறிய அன்று சாயங்காலம் காற்று கிளம்பியது. ஒன்றரை நாள் விடாத மழை. கடல் ஏறி வந்து கடைக்கோடி வீட்டு வாசலைத் தொட்டுவிட்டுப் போனது. கிட்டங்கி மேட்டில் இருந்ததால் அங்கே வரவில்லை. சரக்கோடு சந்தைக்குப் போன அப்பா ஆத்தூரில் மாட்டிக்கொண்டார். மழை விட்டதும் நான் கதவைத் திறந்தேன். ஓட்டு விரிசல் வழியாக இறங்கிய தண்ணீர் மேல்தட்டுகள் இரண்டையும் குளிப்பாட்டியிருந்தது. முந்நூறு புத்தகம் இருக்கும். நாள்பட்ட மீன் மாதிரி வயிறு ஊதிக் கிடந்தன. அதே மாதிரி ஒரு வாடையும் கிளம்பத் தொடங்கியிருந்தது.

வேறு வீட்டுப் பையன் என்றால் அழுதிருப்பான். நான் யோசித்தேன். ஈரமானது அழுகும். அழுகாமல் இருக்க எங்கள் வீட்டில் ஒரே வைத்தியம்தான்.

கிட்டங்கிக்குப் பின்னால் மீன் உப்பிடுகிற சிமெண்டுத் தொட்டி இருந்தது. பக்கத்துச் சாய்ப்புக் கொட்டகையில் கல் உப்பு குவிந்து கிடந்தது. அப்பா சீலா மீனுக்குச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அடியில் ஒரு வரிசை உப்பு, அதன் மேல் ஒரு வரிசை புத்தகம், மறுபடியும் உப்பு. மீனைக் கீறி உள்ளே உப்பு வைப்பது போல, ஒவ்வொரு புத்தகத்தையும் நடுவில் விரித்து ஒரு கை அள்ளி வைத்தேன்.

எங்களிடம் மீன் கீறும் அக்கா ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"ஏலே, என்னலே பண்ணுத?"

"புஸ்தகம் அழுகாம இருக்க உப்புப் போடுதேன்."

"கொஞ்சம் புளியும் கரைச்சு ஊத்து. ஆபீசருக்குக் கொழம்பு வச்சிரலாம்."

நான் அடுத்த கை உப்பை அள்ளினேன். பெரிய காரியம் செய்கிறவனைப் பார்த்து ஊர் முதலில் சிரிக்கத்தான் செய்யும். பின்னாளில் கடன் வாங்கி முதல் லாரி எடுத்தபோதும் சிரித்தார்கள்.

ஒரு இரவு தொட்டியில் ஊறியது. மறுநாள் நல்ல வெயில். எல்லாவற்றையும் எடுத்து உதறி, ஓலைப் பாய்களில் வரிசையாகக் காயப் போட்டேன். மணிக்கு ஒரு தரம் புரட்டிவிட்டேன். பழக்க தோஷத்தில், காக்கை விரட்டக் கையில் ஒரு கம்பும் வைத்திருந்தேன்.

மத்தியான பஸ்ஸில் அத்தை வந்து இறங்கினாள். பின்கட்டுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முந்நூறு புத்தகம், வெள்ளையாக உப்புப் பூத்து, பாயில் படுத்துக் கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்தாள். தாள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பலகையாகியிருந்தன. மணலில் உட்கார்ந்தாள். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"அத்தனைக்குமா போட்டே?"

"ஒண்ணு விடலை அத்தை."

புத்தகத்தைத் திரும்பப் பாயில் வைத்தாள். பிறகு, "கடல் எதுவரைக்கும்லே வந்துச்சு?" என்று கேட்டாள்.

"கடைசி வீட்டு வாசல் வரைக்கும்."

அதைக் கேட்டதும் அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. என் வேலை அவளுக்குப் பிடித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அப்பா வந்து சேர்ந்தார். உள்ளே பேச்சு நடந்தது. அத்தையின் குரல் மட்டும் கேட்டது. "கட்டடம் நல்லா இருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன் அண்ணே. ஓட்டை நீங்க மாத்திருவீங்கன்னு நம்பித்தான் போட்டேன்." எப்போதும் அப்பாவின் குரல்தான் எங்கள் வீட்டில் பெரிது.

மறுநாள் விடிந்தபோது அப்பா கிட்டங்கிக் கூரை மேல் இருந்தார். மாட்டுத் தொழுவத்திலிருந்து பழைய ஓடுகளை உருவிக்கொண்டு வந்து விரிசல் ஓடுகளை மாற்றிக்கொண்டிருந்தார். மகன் இவ்வளவு செய்த பிறகு தானும் ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்கு வெட்கம் வந்துவிட்டது போல என்று நினைத்தேன். அத்தை கீழ்த்தட்டில் நனையாமல் இருந்த புத்தகங்களை மேல்தட்டுக்கு மாற்றினாள். கடலில் இருந்து நாலு வாளித் தண்ணீர் கொண்டு வரச் சொல்லி, காலியான கீழ்த்தட்டிலும் தரையிலும் ஊற்றினாள்.

"எதுக்கு அத்தை?"

"பூச்சி வராது மருமவனே."

நம்பினேன். உப்பின் அருமையை அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தானே.

செவ்வாய்க்கிழமை ஆபீசர் வந்தார். குடையும் கண்ணாடியுமாக, சிரிக்காத மனுஷர். மேல்தட்டைப் பார்த்தார். கீழ்த்தட்டைப் பார்த்தார். ஓரமாக அடுக்கியிருந்த என் புத்தகங்களைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"புயல்ல கடல் ஏறிருச்சு சார்."

அவர் தலையை நிமிர்த்திக் கூரையை ஓடு ஓடாகப் பார்த்தார். "மழைத் தண்ணி இல்லையே? கூரை ஒழுகியிருந்தா அது உங்க பொறுப்பு. நல்ல நிலைன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. அப்புறம் நான் உங்களுக்காகப் பேச முடியாது."

அத்தை முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஆபீசர் ஒரு புத்தகத்தை எடுத்தார். அட்டையை நகத்தால் சுரண்டி, நாக்கில் வைத்தார்.

"ஆமா. கரிக்குது. கடல்தான்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நான் முதுகு ஒடிய ஒரு நாள் முழுக்கச் செய்த வேலை. பலன் கடலுக்கா?

"சார், அந்த உப்பு..." என்று முன்னால் போனேன்.

"என்ன தம்பி? அந்த உப்புக்கு என்ன?"

அத்தையின் கை என் தோளைப் பிடித்தது. நகம் சட்டைக்குள் இறங்கியது. குரலில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. "கருவாட்டுக்காரர் மவன் சார். உப்புன்னா அவனுக்கு உசுரு. மருமவனே, சாருக்கு ஒரு கலர் வாங்கிட்டு வா. ஓடு."

ஓடினேன். கலர் பாட்டிலோடு திரும்பி வந்தபோது ஆபீசர் எழுதி முடித்திருந்தார். கடல் நீரால் சேதம், பணியாளர் மீது தவறில்லை. அத்தை அதை இரண்டு தடவை வாசித்தாள். என் பெயர் அதில் எங்கேயும் இல்லை.

அந்தக் குறை எனக்கு வெகுகாலம் இருந்தது. குடும்பத்தில் கல்யாணம், சடங்கு என்று எது வந்தாலும் நாலு பேர் நடுவில் அத்தையை வைத்துக்கொண்டே சொல்வேன். "நான் மட்டும் இல்லைன்னா அத்தையோட நூலகம் அன்னைக்கே அழுகிப் போயிருக்கும்." அவள் மறுத்ததே இல்லை. "ஆமா, மருமவன்தான் காப்பாத்துனான்" என்பாள். அதற்குள் நிரந்தரமாகியிருந்தாள். பிறகு மாற்றலாகி வேறு ஊருக்குப் போனாள், ஓய்வும் பெற்றாள். ஒரு கார்த்திகையில் போய்ச் சேர்ந்தாள்.

அவள் போன மறுவருஷம் கப்பலிலிருந்து இறக்கி என் லாரியில் ஏற்றிய பருத்திப் பொதிகள் நனைந்துவிட்டன. இன்சூரன்ஸ்காரர்கள் அனுப்பிய சர்வேயர் துறைமுகத்துக்கு வந்தான். சின்னப் பையன். சட்டைப் பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து, ஈரப் பஞ்சைப் பிழிந்த தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டான். தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது.

"உப்பு இருக்கு சார். கப்பல்லயே கடல் தண்ணி பட்டிருக்கு. உங்க மேல தப்பில்லை. வெளுக்கலைன்னா மழைத் தண்ணி. உங்க தார்ப்பாய் ஓட்டைன்னு அர்த்தம். அப்ப அது உங்க பொறுப்பு."

துறைமுகத்தில் நான் உட்கார்ந்து யாரும் பார்த்தது கிடையாது. அன்றைக்கு ஒரு பொதியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். தொழுவத்து ஓடு, நாலு வாளிக் கடல் தண்ணீர், தோளில் இறங்கிய நகம், எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றது. அத்தையைக் காப்பாற்றியது நான்தான். அதில் சந்தேகமில்லை. நான் காப்பாற்றியதாக இத்தனை வருஷம் சொல்லித் திரிந்த புத்தகங்கள்தான் பிழைக்கவில்லை. வெறும் வெயிலில் விரித்துப் போட்டிருந்தால் பாதியாவது தேறியிருக்கும் என்று இப்போதைய நூலகர் பிள்ளை சொல்கிறது.

ஆபீசர் போன மறுநாள் காலை நடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கெட்டுப்போன புத்தகங்களின் பட்டியல் எழுதி அனுப்ப வேண்டும், பிறகு அத்தனையையும் பழைய தாளாகக் கழித்துவிட வேண்டும் என்று உத்தரவு. அத்தை பின்கட்டில் பாய் விரித்து எழுத உட்கார்ந்தாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புத்தகமாக எடுத்துக் கொடுத்தேன். அவள் உடனே எழுத மாட்டாள். திறக்கப் பார்ப்பாள். திறந்தால் ஒரு பக்கம் வாசிப்பாள். திறக்காவிட்டால் மடியில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எழுதுவாள். தேயிலைப் புத்தகத்தைக்கூட அப்படித்தான்.

"அத்தை, பேருதான் அட்டையிலயே இருக்கே. பாத்து எழுதிட்டுப் போவியா" என்றேன்.

அவள் அடுத்த புத்தகத்துக்குக் கை நீட்டினாள். எனக்கு மனசு கொஞ்சம் இளகியது. ஆபீசர் பாராட்டாவிட்டால் என்ன, தொழிலை முழுசாகக் கற்றுக்கொடுத்துவிடுவோம் என்று தோன்றியது.

"அடுத்த மழைக்கு இன்னும் ரெண்டு கூடை கூடப் போட்டா இப்படி ஒட்டாது அத்தை."

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். என் தலையைத் தடவினாள்.

"நீ போட்டது போதும் மருமவனே."

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. காலையிலிருந்து புத்தகத்தைப் புரட்டிய கை. கல் உப்பு கண்ணில் பட்டால் எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். ஓடிப்போய் ஒரு செம்பு நல்ல தண்ணீர் மொண்டு வந்து, கண்ணைக் கழுவு அத்தை என்று நீட்டினேன்.