வேண்டுதல் இல்லாத தேங்காய்

புற்றுநோய் எலும்பு வரைக்கும் பரவிவிட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை என்று டாக்டர் சொன்ன வாரமே என்னை மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்கள். எனக்கு வந்ததே கோபம். உடம்புதானே கெட்டது, புத்திக்கு என்ன கேடு? ஆனாலும் போனேன். என் வீட்டுக்காரர் கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி முன்னால் நடந்தார்.

ஆலோசகர் எங்கள் மகள் வயதுப் பெண்.

"எத நெனச்சா பயமா இருக்கு ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"அவளுக்கு ஒரு பயமும் இல்ல" என்றார் இவர்.

"தூக்கம் வருதா?"

"நல்லா தூங்குறா."

"இனிமே என்ன ஆகும்னு வீட்டுல பேசிக்கிறீங்களா?"

"சேச்சே! அந்தப் பேச்சே எடுக்கிறதில்ல. தைப்பூசத்துக்குத் தேங்கா ஒடைக்கிறதா வேண்டியிருக்கேன். சொகமாயிடும் லா."

நோயாளி நானா அவரா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அங்கிள், கீழ கேன்டீன்ல போயி பசியாறிட்டு வாங்களேன்" என்றாள். கதவு சாத்தியதுதான் தாமதம், நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடிப்பதற்குள் நான் அழ ஆரம்பித்திருந்தேன்.

"சாவுக்கு நான் பயப்படல" என்றேன். "நான் போயிட்டா, வேண்டுதல் பலிக்கலன்னு இந்த மனுசன் முருகனோட சண்ட போட்டுக்கிட்டு ஒத்தையா கெடப்பாரு. அவருகிட்ட எவ்வளவோ சொல்லணும். வாயத் தெறந்தா சேச்சேங்கிறாரு."

அதற்கு அவள் மருந்து எதுவும் தரவில்லை. வாராவாரம் கேள்வி கேட்டாள், அவ்வளவுதான். ஒரு நாள், "உயிரோட இருக்கோம்னு உங்களுக்கு நல்லாத் தோணுனது எப்ப?" என்றாள். கல்யாணம், பிள்ளைப்பேறு என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்ததோ தைப்பூச ரதத்துக்கு முன்னால் ரோட்டில் தேங்காய் சிதறும் சத்தம்! எங்கள் வீட்டில் ஆண்கள் உடைப்பார்கள், நான் எடுத்துக் கொடுப்பேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான்.

"நீங்க ஒடச்சதே இல்லியா?"

"யாரும் ஒடைக்கச் சொல்லல."

"நீங்க கேட்டீங்களா?"

அடிப்பாவி! நான் கேட்டதே இல்லை.

அந்தத் தைப்பூசக் காலையில் சக்கர நாற்காலியில் ரோட்டோரம் உட்கார்ந்து, "இந்த வருசம் நான்தான் ஒடைப்பேன்" என்றேன். வீட்டுக்காரர் திருதிருவென்று விழித்தார். ஆனாலும் கொடுத்தார். முதல் தேங்காய் கை நழுவி உருண்டு, பக்கத்துத் தேங்காய்க் குவியலருகே நின்ற சீனக் கிழவரின் காலடியில் போய் நின்றது. அவர் அதைக் கொண்டுவந்து தந்து, புஜத்தை மடக்கிக் காட்டி, "குவாட் சிக்கிட் லா, ஆன்ட்டி!" என்று மலாயில், இன்னும் கொஞ்சம் பலமாகப் போடச் சொல்லிச் சிரித்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு கையாலும் தூக்கி ஓங்கிப் போட்டேன். படார்! தேங்காய்த் தண்ணீர் முகமெல்லாம் தெறித்தது. ஐயோ, அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்! தலை கிறுகிறுத்தது, தோள் வலித்தது, சின்னப் பிள்ளை மாதிரி கத்தினேன். "இன்னொன்னு குடுங்க! சீக்கிரம்!"

வீட்டுக்காரர் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, நான் உடைத்தேன். மூச்சு வாங்கி நிறுத்தியபோது, "என்ன வேண்டிக்கிட்ட?" என்று ஆசையாகக் கேட்டார்.

"ஒன்னுமே வேண்டிக்கல. ஆசையா இருந்துச்சு, ஒடச்சேன்."

"அப்ப நான் வேண்டிக்கிட்டது?"

"சொகமாகாதுங்க. ஒங்களுக்கும் தெரியும்."

சேச்சே என்பார் என்று காத்திருந்தேன். அவரோ கையில் ஒரு தேங்காயோடு, ஈர ரோட்டில் என் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டார். ரதம் வருகிற மேளச் சத்தத்தில் அவர் குரல் சரியாகக் கேட்கவில்லை. குனிந்தேன்.

"நீ போயிட்டா நான் என்னடி செய்வேன்?"

இத்தனை மாதமாக அவர் வாயால் நான் கேட்கக் காத்திருந்தது அந்த ஒரு கேள்வியைத்தான். ஒட்டிக்கொண்டிருந்த தேங்காய் ஓட்டுத் துணுக்கோடு அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"சொல்றேன், கேளுங்க" என்றேன்.