கலையாத குச்சி

கதை என்று நினைத்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஷோபனா இன்றும் அந்தமானில், மாயாபந்தரில்தான் இருக்கிறாள். போய்க் கேட்கலாம். சொல்வாள். ஆனால் வாசல் கதவைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வாள்.

மதுரைப் பெண். வீட்டை எதிர்த்துக் கௌதமைக் கட்டிக்கொண்டு கப்பல் ஏறியவள். பிறந்த வீட்டோடு பேச்சுவார்த்தை அன்றோடு முடிந்துபோயிற்று. இந்தத் தீவில் அவளுக்கு மனிதன் என்று இருந்தது கௌதம் ஒருவன்தான். மாயாபந்தரிலேயே பிறந்து வளர்ந்தவன். மின்சார ஆபீஸில் வேலை. அவன் ஆபீஸ் போய்விட்டால் அவளுக்குத் துணை கேமரா.

அவள் எடுப்பது சாதாரணப் போட்டோ இல்லை. ஷட்டரை அரை விநாடி திறந்து வைப்பாள். அந்த அரை விநாடிக்குள் கேமராவை வேண்டுமென்றே கீழிருந்து மேலே ஒரே இழுப்பாக இழுப்பாள். மரம் மரமாக விழாது. பழுப்பும் பச்சையும் ஆரஞ்சுமாய், ஈரத் துணியால் வண்ணத்தைத் துடைத்துவிட்ட மாதிரி கோடு கோடாக விழும். எதுவாவது தெளிவாக விழுந்தால் அந்தப் படம் பாழ். உடனே அழித்துவிடுவாள்.

"உன் போட்டோவைப் பார்த்தா, நாளைக்கே கண் டாக்டர்கிட்ட ஓடணும்போல இருக்குடி" என்பான் கௌதம்.

"நீங்க மீட்டரை மட்டும் பாருங்க. அது போதும்" என்பாள்.

2012 டிசம்பர். சென்னையில் ஒரு கண்காட்சிக்கு ஆறு படம் கேட்டிருந்தார்கள். ஐந்து தேறிவிட்டது. ஆறாவதுக்கு ஊருக்கு வெளியே இருந்த செத்த கண்டல் காட்டை, கடலோரச் சேற்றில் வளரும் மாங்குரோவ் காட்டைத் தேர்ந்தெடுத்தாள். சுனாமி அன்று அங்கே தரை மேலே எழும்பிவிட்டது. கடல் தண்ணீர் வேருக்கு எட்டவில்லை. மரங்கள் நின்றபடியே செத்துப்போயின. எட்டு வருஷமாக எலும்பு மாதிரி நிற்கின்றன.

கௌதம் அவளைக் கூட்டிவந்து ஸ்கூட்டரை ரோட்டோரம் நிறுத்தும்போது மணி நாலரை. ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும் ஊர் அது.

முதல் படம் எடுத்தாள். க்ளக்.

பின்பக்கத் திரையில் பார்த்தாள். அருமையான கோடுகள். நடுவில் மட்டும் கறுப்பாக ஒரு குச்சி. துளிகூடக் கலையாமல்... தெளிவாக.

லென்ஸில் அழுக்கு என்று நினைத்தாள். துடைத்தாள். க்ளக்.

குச்சி இப்போது கொஞ்சம் வலது பக்கம் தள்ளி இருந்தது. அழுக்கு எப்படித் தள்ளி நிற்கும்?

இன்னும் வேகமாக இழுத்தாள். எதுவாக இருந்தாலும் கலைந்துதானே ஆக வேண்டும்? க்ளக்.

கலையவில்லை.

"ஏங்க, அங்க யாரோ ஒரு குச்சியை நட்டு வச்சிருக்காங்க. படத்தையே கெடுக்குது. பிடுங்கிப் போட்டுட்டு வாங்களேன்."

"எங்கடி?"

"நேரா. அந்த வளைஞ்ச மரத்துக்கு இந்தப் பக்கம்."

பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டான். "முதலை கிதலை வந்துச்சுன்னா ஆபீஸ்ல லீவு சொல்லிடு."

சேற்றில் இறங்கினான். சளக்... சளக்... வெள்ளைச் சட்டை மரங்களுக்கு நடுவே சின்னதாகிக்கொண்டே போயிற்று.

"அரே, இங்க குச்சியே இல்லடி! குச் பீ நஹி ஹை!"

ஷோபனா வெறும் கண்ணால் பார்த்தாள். அவன் சொன்னது சரி. அங்கே ஒன்றுமே இல்லை.

"அப்படியே நில்லுங்க!"

க்ளக்.

அசையாமல் நின்ற கௌதம் வெள்ளைக் கோடாகக் கலைந்திருந்தான். நாலடி தள்ளி... அந்தக் குச்சி. தெளிவாக.

படத்தைத் திரையில் பெரிதாக்கினாள்.

குச்சிக்குத் தோள் இருந்தது. பக்கவாட்டில் ஒட்டினாற்போல் இரண்டு கைகள் இருந்தன.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கேமரா அசையும்போது நிற்பதெல்லாம் கலையும். கலையாமல் விழ ஒரே வழிதான் உண்டு. கேமராவோடு சேர்ந்து, அதே வேகத்தில், அதுவும் மேலே ஏற வேண்டும்.

அவள் இழுத்தபோதெல்லாம் அது ஏறியிருக்கிறது. அவள் வேகமாக இழுத்தபோது... அதுவும் வேகமாக.

"வாங்க! வந்துடுங்க!"

"ஏன்டி, முதலையா?"

"கேள்வி கேட்காதீங்க! வாங்க!"

அவன் திரும்பி நடந்தான். சளக்... சளக்...

அது எங்கே? கண்ணுக்குத் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் மறுபடி எடுத்தே ஆக வேண்டும். க்ளக்.

அவன் முதுகுக்குப் பின்னால். ஒரு கை தூரத்தில்.

"ஓடுங்க!"

குழப்பத்தில் கௌதம் நின்றுவிட்டான்.

சளக்... சளக்... சத்தம் மட்டும் நிற்கவில்லை.

க்ளக்.

குச்சி இல்லை.

படம் முழுக்கத் தேடினாள். இல்லவே இல்லை. கோடுகளுக்கு நடுவே வெள்ளைச் சட்டை மட்டும் தெளிவாக இருந்தது. அவளுக்கு அது போதும். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

கௌதம் கரையேறினான். ஒன்றும் கேட்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்தான். வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பயந்துவிட்டான் பாவம் என்று நினைத்தாள். மறுநாள் எப்போதும்போல் ஆபீஸ் போனான். எப்போதும்போல் வந்தான். சாப்பிட்டான். ஷோபனா கேமராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். கண்காட்சி போனால் போகட்டும். மனிதன் திரும்பி வந்துவிட்டானே.

மூன்றாவது வாரம் ஒரு போன். கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சொக்கலிங்கம்.

"அக்கா, சார் ஐலண்டர் அடையாள அட்டை புதுப்பிக்கணும்னு போட்டோ எடுக்க வந்தார்..."

"சரி, என்ன அதுக்கு?"

"கேமராவை ஸ்டாண்டுல வச்சு நாலஞ்சு தடவை எடுத்துட்டேன். பின்னாடி இருக்கற நீலத் துணி பளிச்னு விழுது. சார் மட்டும் கலைஞ்சு கலைஞ்சு வர்றார். மேல யாரோ பிடிச்சு இழுத்த மாதிரி. ஆனா அவர் ஆடவே இல்லக்கா. கண்ணைக்கூடச் சிமிட்டல."

ஷோபனா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கடைசியா எடுக்கறப்ப என் கால் இடறி, ஸ்டாண்டே ஆடிப்போச்சு. துணி பூராவும் கலைஞ்சுபோச்சு. படத்துல சார் மட்டும் தெளிவா வந்துட்டார்..."

போனில் அவன் மூச்சு வாங்குவது கேட்டது.

"அக்கா... அது சார் மூஞ்சி இல்லக்கா."

"இப்ப... அவர் எங்க?"

"வீட்டுக்குத்தான் கிளம்பினார்."