பெட்ஜ் வருமுன் பெய்த மழை

என் மகள் வயிற்றில் இரண்டு மாதமாக இருந்தபோது, ஜப்பானில் நாங்கள் குடியிருந்த ஊருக்கு அப்பால் ஓர் அணு உலை வெடித்தது. என் கணவர் அங்கே பழைய வாகனங்களைக் கழற்றி, உதிரிப்பாகங்களைக் கொழும்புக்குக் கப்பலில் அனுப்பிக்கொண்டிருந்தார். அந்தக் கிழமை அவர் துறைமுகத்தில் அகப்பட்டுக்கொண்டார். வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. வாளியோடு போய்ப் பாடசாலை மைதானத்தில் வரிசையில் நின்றேன். மழை தூறியது. நனைய வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்களாம். எனக்கு அந்த மொழி விளங்காது.

பெட்ஜ் கிடைத்தபோது வயிறு நன்றாகத் தெரியத் தொடங்கியிருந்தது. கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் நகரசபையில் கொடுத்தார்கள். தீப்பெட்டியை விடச் சிறியது, நாடாவில் கழுத்தில் தொங்கும். உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்குமாம். அலுவலகப் பெண் சொல்லச் சொல்ல, என் கணவர் எனக்குத் தமிழில் சொன்னார்.

“மூணு மாசம் போட்டிரிக்கட்டாம். மறுகா திருப்பிக் குடுத்தா, எவ்வளவு பட்டிரிக்கு எண்டு பார்த்துச் செல்லுவாங்களாம்.”

“இதப் போட முந்திப் பட்டது?”

அவர் கேட்டார். அந்தப் பெண் ஏதோ மெதுவாகச் சொன்னாள்.

“அது இதில வராதாம்” என்றார் அவர்.

பகலில் சாய்ந்து படுத்தால் பெட்ஜ் வயிற்றின் மேல் கிடக்கும். பிள்ளை உதைத்தால் அசையும். பார்த்துக்கொண்டே கிடப்பேன்.

முடிவு வந்தபோது மகள் என் மடியில் இருந்தாள். பட்டது மிகக் கொஞ்சம், பயப்பட வேண்டாம் என்றிருந்தது. அவர் அல்ஹம்துலில்லாஹ் என்றார். நானும் சொன்னேன். அடுத்த வருஷம் சொந்த ஊரான கல்முனைக்கே வந்துவிட்டோம். மாரி தொடங்கினால் மகளை முற்றத்தில் இறங்க விடமாட்டேன். தடிமன் பிடிக்கும் என்பேன்.

இந்த மாரியில் அவள் கழுத்தில் ஏதோ தடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டொக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, எல்லோரிடமும் கேட்பதுபோலக் கேட்டார்.

“சின்னதில கதிர்வீச்சு ஏதும் பட்டிரிக்கா?”

“வயித்தில இரிக்கக்குள்ள.”

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“எவ்வளவு எண்டு தெரியுமா?”

“பெட்ஜ் போட்ட பிறகு உள்ளது தெரியும், டொக்டர். முந்தினது தெரியா.”

ஸ்கேன் எடுத்தார்கள். தொண்டைப் புண்ணால் நெறி கட்டியிருக்கிறது, மருந்துக்கு வற்றிவிடும் என்றார்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் எல்லாவற்றையும் மகளுக்குச் சொன்னேன்.

“ஏன் உம்மா இவ்வளவு நாளும் செல்லல்ல?”

“செல்லி என்ன செய்ய, புள்ள?”

“எவ்வளவு நேரம் மழைக்குள்ள நிண்டீங்க?”

“தண்ணி கிடைக்கும் வரைக்கும்.”



வீக்கம் வற்றிவிட்டது. ஆனாலும் குளித்துவிட்டு வந்தால் மகள் கண்ணாடி முன் நின்று, விரலால் கழுத்தை மெல்ல அழுத்திப் பார்க்கிறாள். முதலில் ஒரு பக்கம், பிறகு மற்றப் பக்கம். வாசலில் நான் நிற்பது தெரிந்தால் கையை எடுத்துத் தலை சீவத் தொடங்குகிறாள்.