காலை ஷிஃப்டுக்கு ஒரு கேப்டன்

என் சித்தி, மருத்துவமனைத் துணிகளை வெளுத்துத் தரும் சலவைக்கூடம் ஒன்றின் மடிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறார். உலர்த்தியிலிருந்து சூட்டோடு வரும் படுக்கை விரிப்பை இருவர் எதிரெதிரே நின்று பிடித்து, ஒரே வீச்சில் உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து மூலைகளைச் சேர்ப்பார்கள். நாள் முழுவதும் அதே நடைதான். கால்பந்து ஆட்டம் ஒன்றையாவது அவர் முழுதாகப் பார்த்ததில்லை. ஆயினும் சென்ற ஆண்டு அவருடைய கவலைகள் அனைத்தும் கால்பந்து லீக்கின் புள்ளிப் பட்டியலைச் சுற்றியே அமைந்தன.

அதற்குக் காரணம் அந்தக் கூடத்தின் வினோதமான ஏற்பாடு. யாருக்கு எந்த ஷிஃப்ட் என்பதை முன்பெல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தார்கள். குலுக்கியவர் மேல் சந்தேகம், எடுத்தவர் மேல் சந்தேகம், ஒரு மாதத்துக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. சலித்துப்போன சூப்பர்வைசர் அம்மா, எல்லோரும் மொபைலில் எப்படியும் ஆடிக்கொண்டிருந்த கற்பனைக் கால்பந்து விளையாட்டையே அளவுகோலாக்கிவிட்டார். உண்மையான வீரர்களில் பதினொருவரைப் பொறுக்கி நம் அணியாக வைத்துக்கொள்ள வேண்டும். நிஜ ஆட்டத்தில் அவர்கள் கோல் போட்டாலும், கோல் வாங்காமல் காத்தாலும் நமக்குப் புள்ளிகள் சேரும். வாரந்தோறும் ஒருவரைக் கேப்டனாகக் குறித்தால் அவருடைய புள்ளி இரட்டிப்பாகும். பருவம் முடியும்போது எந்த வரிசையில் நிற்கிறோமோ, அந்த வரிசையில் ஷிஃப்டைத் தேர்ந்துகொள்ளலாம். காலை ஷிஃப்டில் இரண்டே இடங்கள்; மற்றவை மதியத்திலும் இரவிலும்.

அந்த இரண்டில் ஒன்று சித்திக்கு வேண்டியிருந்தது. சித்தப்பா பேருந்து ஓட்டுநர். விடியுமுன் புறப்பட்டு, நண்பகல் கடந்து திரும்புவார். அவர் வரும் நேரத்தில் சித்தி மதிய ஷிஃப்டுக்குக் கிளம்புவார். சித்தி வீடு சேரும்போது சித்தப்பா உறங்கியிருப்பார். வார விடுமுறையும் இருவருக்கும் வெவ்வேறு நாள். படிப்புக்காக அவர்கள் வீட்டுப் பின்னறையில் தங்கியிருந்த நான், ஒரு குடும்பத்தின் முழு நிர்வாகமும் வாசற்படியில் நடப்பதைத் தினமும் பார்த்தேன்.

"குழாய்க்காரர் வந்தாரா?"

"நாளைக்கு வர்றாராம். உங்க பல்லுவலி?"

"பரவால்ல. குடை எடுத்துக்கோ."

அவ்வளவுதான். ஒருமுறை சித்தி என்னிடம் சொன்னார்: "உங்க சித்தப்பா தூங்குற அழகு எனக்கு அத்துப்படி. முழிச்சிருந்தா எப்படி இருப்பார்னுதான் மறந்துபோச்சு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சித்திக்கு வீரர்களின் பெயர்கள் மனத்தில் தங்கவில்லை. அணிகளையும் சட்டை நிறத்தால்தான் அறிந்தார். நீலச் சட்டை, பச்சைச் சட்டை, கோடு போட்டது, சாயம் போனது. மற்றவர்கள் புகழ்பெற்ற வீரர்களின் பின்னால் ஓடியபோது, அவர் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டியிருந்த புள்ளிப் பட்டியலின் முன் தம்ளரோடு நிற்பார். அவர் பார்த்த கட்டம் புள்ளிகளுடையது அன்று, வாங்கிய கோல்களுடையது. எந்த அணி அதிகம் வாங்குகிறதோ, அந்த வாரம் அதை எதிர்த்து ஆடும் அணியின் முன்கள வீரனைத் தம் அணியில் சேர்த்தார். எந்த அணி கோல் போடத் திணறுகிறதோ, அதன் எதிரணியிலிருந்து தடுப்பாட்டக்காரனை எடுத்தார். சில அணிகள் மழையால் ஓரிரு ஆட்டங்கள் குறைவாக ஆடியிருந்தன. ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்காமல் எந்த அணியையும் அவர் எடைபோட்டதில்லை.

"ஏண்டி, மேட்சே பாக்காம பாயிண்டை அள்ளுறியே, இது அடுக்குமா?" என்று கேட்டார் அவருடன் இணையாக மடிக்கும் மூத்த பெண். கூடத்தின் இரைச்சலையும் மீறிக் கேட்கும் குரல் என்பதால் அவரை எல்லோரும் மைக் அக்கா என்பார்கள்.

"துணியைப் பாத்தாலே தெரியுதே. நோயாளியை வேற போய்ப் பாக்கணுமாக்கா?"

இப்படியே இரண்டாம் இடம் வரை ஏறிவிட்டார். முதலிடத்தில் இஸ்திரி இயந்திரம் ஓட்டும் உயரமான மனிதர், கொக்கு, அதிகம் பேசாதவர். மூன்றாம் இடத்தில் மாப்பிள்ளை; அண்மையில் திருமணமானதால் வந்த பெயர். அவனுக்கும் காலை ஷிஃப்டின் மீதுதான் கண்.

"கல்யாணம் ஆகி மூணு மாசம்தான் அக்கா ஆகுது. கொஞ்சம் இரக்கம் காட்டுங்க."

"எனக்கு ஆகிப் பத்தொம்பது வருஷம். யாருக்கு அவசரம்னு நீயே சொல்லு."

கடைசிக்கு முந்தைய வாரத்தில் சித்தி தவறினார். பட்டியலின் உச்சியில் இருந்த நீலச் சட்டைக்கும், அடியில் கிடந்த பச்சைச் சட்டைக்கும் ஆட்டம். அதிகம் போட்ட அணி நீலம். அதிகம் வாங்கிய அணி பச்சை. கட்டங்கள் இவ்வளவு தெளிவாக ஒத்துப்போன வாரம் அதுவரை வந்ததே இல்லை. நீலத்தின் பத்தாம் நம்பரைத் தயங்காமல் கேப்டனாக்கினார்.

நீலம் கோப்பையை அதற்கு முந்தைய வாரமே உறுதி செய்துகொண்டிருந்தது. ஆட்டத்தையோ செய்தியையோ பின்தொடர்ந்த யாருக்கும் அடுத்து நடக்கப்போவது தெரிந்திருக்கும். பயிற்சியாளர் முக்கிய வீரர்களுக்கு ஓய்வு கொடுத்தார். பத்தாம் நம்பர் கோட்டு மாட்டிக்கொண்டு பெஞ்சில் அமர்ந்து பச்சைச் சட்டை வெல்வதை வேடிக்கை பார்த்தார். பூஜ்யத்தை இரட்டித்தாலும் பூஜ்யமே. சித்தி நான்காம் இடத்துக்கு இறங்கினார். மாப்பிள்ளையும் மைக் அக்காவும் அவரைத் தாண்டிப் போயிருந்தார்கள்.

"உங்க கேப்டனுக்குக் குளிர் தாங்கலையாம் அக்கா, போர்வை கேட்டாராம். நம்மகிட்டதான் நெறைய இருக்கே!" என்று மாப்பிள்ளை கூடம் அதிரச் சிரித்தான்.

மறுநாள் முற்பகலில் சித்தி பட்டியலைச் சமையலறை மேசையில் விரித்துக்கொண்டு என்னை அழைத்தார்.

"நல்லா ஆடுறவன் ஏன் ஆடல?"

"ஜெயிச்சாச்சே சித்தி. இனிமே தோத்தாலும் அவங்க அதே இடத்துலதான் இருப்பாங்க."

அவர் பட்டியலை என் பக்கம் திருப்பினார். பிறகு பென்சிலை என் கையில் கொடுத்தார்.

"அப்ப இந்தக் கடைசி வாரம் யாருக்கு இன்னும் தேவை இருக்கு? ஒவ்வொண்ணாப் பாரு."

எஞ்சிய ஓர் ஆட்டத்தால் எந்த அணியின் நிலை மாறக்கூடும் என்று இருவரும் வரி வரியாகக் கணக்கிட்டோம். நடுவில் இருந்த அணிகளுக்கு வென்றாலும் தோற்றாலும் ஒன்றே. அவற்றை அடித்துக்கொண்டே வந்தோம். அடியில் இருந்த பச்சை, வென்றால் லீக்கில் நீடிக்கும். சமன் செய்தாலும் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்பட்டுவிடும். அதை எதிர்த்து ஆடவிருந்ததோ நாங்கள் அடித்துவிட்ட அணிகளில் ஒன்று. சித்தி பச்சையின் முன்கள வீரனைக் கேப்டனாக்கினார்.

"சித்தி, வருஷம் முழுக்கத் தோத்த டீம் அது."

"இருக்கட்டும். அவனுக்கு வேணும்."

கடைசி ஆட்டங்கள் நடந்த பிற்பகலில் அவருக்கு வேலை. கூடத்துக்குள் மொபைலுக்கு அனுமதி இல்லை. அழுக்குத் துணி ஏற்றிவரும் வண்டியின் ஓட்டுநர்தான் வானொலியில் கேட்டு, சரக்கு வாசலில் நின்று கத்தினார்: "பச்சை போட்டுட்டான்!" சற்று நேரம் கழித்து மீண்டும்: "அதே ஆளு! ரெண்டாவது!" அப்போது மடித்துக்கொண்டிருந்த விரிப்பு தரையில் விழுந்து மறுபடியும் சலவைக்குப் போனது. இவ்விடத்தில் சாட்சியங்கள் முரண்படுகின்றன. விரிப்பை விட்டது சித்தி என்கிறார் மைக் அக்கா. மைக் அக்காவே என்கிறார் சித்தி. நானும் இருவரையும் தனித்தனியே விசாரித்துப் பார்த்துவிட்டேன், பயனில்லை.

இரட்டிப்புப் புள்ளிகள் சித்தியை மைக் அக்காவுக்கு மேலே ஏற்றின. மாப்பிள்ளையைத் தாண்ட மட்டும் சிறிது போதவில்லை. மூன்றாம் இடம். இரண்டு நாற்காலிகள் உள்ள அறையில் மூன்றாவது ஆள். மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று வாசலில் சித்தப்பாவிடம் சொன்னார். அவர் குடையை நீட்டினார்.

அன்று ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சூப்பர்வைசர் அம்மா எல்லோரையும் கூட்டி, முதலில் கொக்கைப் பார்த்தார்.

"சொல்லுங்க, எது வேணும்?"

"மத்தியானம்."

மாப்பிள்ளை அவர் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, ஜெயிச்சிருக்கீங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"காலையில எங்கம்மாவைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டிட்டுத்தான் நான் கிளம்பணும். என் தங்கச்சி மத்தியானம்தான் வருவா. மத்தியான ஷிஃப்ட் கைவிட்டுப் போயிடக்கூடாதுன்னுதான் வருஷம் முழுக்க உயிரைக் குடுத்து ஆடினேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே!"

"யாராவது கேட்டீங்களா?"

மாப்பிள்ளை காலையை எடுத்துக்கொண்டான். மீதமிருந்த ஓரிடம் மூன்றாம் ஆளுக்கு வந்தது. "காலை" என்று சித்தி சொன்னது அவருக்கே கேட்கவில்லையாம். சூப்பர்வைசர் அம்மா மறுபடியும் கேட்க நேர்ந்தது.

"நான் மட்டும் மூணாவதா வந்திருந்தா விட்டுக் குடுத்திருப்பேன்னு நினைக்காதடி" என்றார் மைக் அக்கா. "இனிமே எதிர்ப்பக்கம் யாரு நின்னு மடிப்பா, சொல்லு." திட்டிக்கொண்டே சித்தியின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

புதிய ஷிஃப்டின் முதல் நாள் பிற்பகலில் சித்தி வீட்டுக்கு வந்தபோது, சித்தப்பா சாப்பாட்டு மேசையருகே நின்றுகொண்டிருந்தார். அங்கே இரண்டு நாற்காலிகள் உண்டு. தேவைப்படாததால் ஒன்றின் மேல் பல ஆண்டுகளாகத் துணிகள் குவிந்து கிடந்தன. சித்தப்பா அவற்றை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு, நாற்காலியைத் துடைத்தார். சித்தி அமர்ந்தார். எங்கிருந்து தொடங்குவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

"அந்தப் பச்சைச் சட்டை," என்றார் சித்தப்பா கடைசியில், "அடுத்த வருஷம் தேறுமா?"

"தெரியலையே" என்றார் சித்தி. "வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏதோ பழைய மேட்ச் போடுறானாம். உக்காந்து பாப்போமா?"

கட்டிலில் கிடந்த துணிகள் அன்று மாலை வரை மடிக்கப்படவே இல்லை.