பெண்கள் வரிசையில் நின்றவர்

ராயபுரத்து மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் வாக்குச்சாவடி. விரலில் மை வைப்பது என் வேலை. பெண்கள் வரிசையில் மீன் விற்கும் பெண்களுக்கு நடுவே ஒரு திருநங்கை நின்றிருந்தார். நெடிய உருவம், மஞ்சள் பூசிய முகம்.

ஒரு கட்சியின் ஏஜென்ட் எழுந்தார். "லிஸ்ட்ல ஆணுன்னு கீது சார். பொம்பளைங்க லைன்ல இன்னாத்துக்கு நிக்கறாங்கோ?"

"அவங்க அங்கதான் நிப்பாங்கோ" என்று எதிர்க்கட்சி ஏஜென்ட் மல்லுக்கு வந்தார். அந்தத் திருநங்கையின் தெருவில் அவரைப் போன்றவர்கள் நிறையப் பேர். அந்த ஓட்டெல்லாம் யாருக்கு என்பதுதான் சண்டையே.

பேசுவதற்கு முன் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுவது அந்தத் திருநங்கையின் வழக்கம் போலும். செருகிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "நேத்து ரெண்டு பேரும் என் வூட்டாண்ட வந்து, அக்கா அக்கான்னு கும்புட்டீங்கோ. ஒரே நாள்ல நான் அண்ணன் ஆயிட்டனா?"

வரிசையே சிரித்தது. "நீ முன்னால போக்கா" என்று பெண்கள் வழிவிட்டார்கள். தலைமை அலுவலரும் தலையசைத்தார். நான் மை வைத்தேன். இயந்திரம் ஒலித்தது. யாருக்குப் போட்டார் என்று இரு ஏஜென்ட்களும் அவர் முகத்தையே பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை.

எத்தனையோ தேர்தல் வேலை பார்த்துவிட்டேன். ஓட்டுப் போட்டுவிட்டு, தானே ஜெயித்தது போல நடந்துபோன இன்னொருவரை நான் பார்த்ததில்லை.